சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் கதிர்: டர்பன் கிடங்கில் ஒரு கைக்கருவியின் ஏழு மாதங்கள்

எங்கள் கிடங்கின் எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில், சாவிக் கொத்துகளுக்கு நடுவே, ஏழு மாதங்களாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதுகிறேன். தீப்பெட்டியைவிடச் சற்று நீளமானது. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அதன் உள்ளே ஒரு கன சென்டிமீட்டர் அளவில் சீசியம் அயோடைடு படிகம் ஒன்று இருக்கிறது. (இது கதிரியக்கமில்லாத சாதாரணச் சீசியம், பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.) காமா கதிர் ஒன்று அந்தப் படிகத்தில் படும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளி மின்னும். படிகத்தோடு ஒட்டியிருக்கும் சிலிக்கான் ஒளியுணரி அந்த மின்னலின் பிரகாசத்தை அளந்து, வந்த கதிரின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடும். பழைய கைகர் கருவி கதிர்களை எண்ணும், அவ்வளவுதான். இது ஒவ்வொரு கதிரையும் ஆற்றல்வாரியாகப் பிரித்து அடுக்கி, கைபேசித் திரையில் நிறமாலையாக வரைந்து காட்டுகிறது. இந்த வகையில் பல நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொதுவானவை என்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு வகையை மட்டும் மதிப்பிடுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரான டர்பனில் பதினைந்து ஆண்டுகளாக கிளியரிங் ஏஜென்டாக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கும் நம்மவர் கடைகளுக்கு வரும் எவர்சில்வர் பாத்திரங்கள், தரை ஓடுகள், பூஜைச் சாமான்கள், பருப்பு வகைகள் ஆகியவற்றைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் இறக்கிப் பிரித்து அனுப்புவது எங்கள் தொழில். அதே வளாகத்தின் பின்பகுதியில் பழைய பித்தளை, இரும்பு வாங்கித் தரம் பிரிக்கும் களம் ஒன்றும் உண்டு. 2022 நவம்பர் இறுதியில் பழைய இரும்பு, செம்பு ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்த பிறகு அந்தச் சரக்கெல்லாம் உள்ளூர் வார்ப்பாலைகளுக்கே போகிறது. உருக்குவதற்குப் போகும் பழைய உலோகமும், உருக்கிச் செய்து வரும் புதிய பாத்திரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் எங்களுடையது. கதிரியக்கப் பொருள்கள் உலகச் சந்தைக்குள் களவாகவோ கவனக்குறைவாகவோ புகுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான்.

இதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். அதனுள் இருந்த நீலமாய் ஒளிர்ந்த சீசியம்-137 தூளை வீடுவீடாகப் பகிர்ந்துகொண்டதில் நான்கு பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்தில் வந்து சேர்ந்த ஆய்வகக் கருவி ஒன்றில் கோபால்ட்-60 இருந்தது. அங்கும் ஓர் உயிர் போயிற்று. மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரில் 1983-இல் இப்படிப்பட்ட கோபால்ட் பழைய இரும்போடு உருகிக் கட்டடக் கம்பியாகவே மாறிவிட்டது. அது வெளிப்பட்டது 1984 ஜனவரியில், கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் வாசலைத் தற்செயலாகக் கடந்தபோது அங்கிருந்த உணர்கருவி ஒலித்ததால்தான். 2008-இல் ஃபிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எஃகு நம் இந்தியாவிலிருந்து போனது. எவர்சில்வர் இறக்குமதி செய்கிற எனக்கு இந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

அண்மையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவிலிருந்து அமெரிக்கா சென்ற உறைய வைத்த இறால் கண்டெய்னர்களில் சீசியம்-137 இருப்பதை லாஸ் ஏஞ்சலிஸ், ஹூஸ்டன், சவானா, மயாமி ஆகிய நான்கு துறைமுகங்களில் சுங்கத்துறைக் கருவிகள் கண்டுபிடித்தன. இறால் மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 68 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தது. அமெரிக்க விதி தலையிடச் சொல்லும் 1,200 பெக்கரலோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் சிறு அளவைத் துரத்திக்கொண்டு போனதில், ஜாவாவின் சிகாண்டே தொழிற்பேட்டையில் பழைய உலோகம் உருக்கும் ஆலையிலிருந்து கிளம்பிய மாசு வெளிப்பட்டது. இறாலுக்கும் பழைய இரும்புக்கும் என்ன தொடர்பு என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

டர்பன் துறைமுகத்தில் காவல் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 2002-இல் தொடங்கிய கண்டெய்னர் பாதுகாப்பு ஏற்பாட்டில் டர்பனும் சேர்ந்த துறைமுகம். ஆனால் துறைமுகங்களில் நிற்கும் பெரிய வாயிற் கருவிகளின் வேலை வேறு. கண்டெய்னர் லாரி இரண்டு தூண்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போகும். தூண்களுக்குள் ஆளுயரப் பிளாஸ்டிக் மிளிர்வுப் பலகைகள் இருக்கும். சில நொடிகளில் ஏதோ இருக்கிறது அல்லது இல்லை என்று அவை சொல்லிவிடும். என்ன இருக்கிறது என்று சொல்வதில் அந்தப் பிளாஸ்டிக் திறமையற்றது. அதனால்தான் கிரானைட், ஓடு, பொட்டாஷ் உரம், வளர்ப்புப் பூனையின் கழிவுக்காக இடும் மணல், அணு மருத்துவப் பரிசோதனை முடித்து வந்த ஓட்டுநர் என்று குற்றமற்ற எல்லாவற்றுக்கும் அவை ஒலிக்கின்றன. ஒலித்த பிறகு பெயர் சொல்ல ஒரு கைக்கருவி தேவை. அதிகாரிகள் வைத்திருக்கும் கைக்கருவிகளின் விலை சில இலட்சம் ரேண்ட். நான் வாங்கியது வரியும் அஞ்சற்கூலியும் சேர்த்து ஒன்பதாயிரம் ரேண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த வேறுபாட்டுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் ஏழு மாதங்களாகக் கற்றுக்கொண்டேன்.

முதல் மாதம் முழுவதும் பாதிப்பில்லாத பொருள்களை வைத்துப் பழகினேன். வாங்குகிற எவருக்கும் இதை வலியுறுத்திச் சொல்வேன். பக்கத்துப் பட்டறையில் சிவப்பு முனை டங்ஸ்டன் வெல்டிங் கம்பிகள் ஒரு பெட்டி கிடைத்தது. அவற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு தோரியம் உண்டு. பெட்டியின் மேல் கருவியை வைத்தவுடன் எண்ணிக்கை ஏறியது. பத்து நிமிடத்தில் திரையில் 239 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு; இனி வரும் முகட்டு எண்களும் இதிலேயே) ஒரு கூரிய முகடு எழுந்தது. பிறகு 583, 911 என்று வரிசையாக மற்றவை எழுந்தன. வெகுநேரம் கழித்து வலக்கோடியில் 2615 மெல்லத் தலைகாட்டியது. தோரியத்தின் கையெழுத்து இது. இரத்த அழுத்தக்காரர்களுக்காக விற்கும் சோடியம் குறைத்த உப்பு ஒரு கிலோ வாங்கி வந்தேன். அதில் இருக்கும் பொட்டாசியத்தின் ஒரு சிறு பங்கு இயற்கையிலேயே கதிர் வீசுவது. அதன் முகடு 1461-இல் வரும். இப்போதும் ஒவ்வோர் இரவும் கருவியை அந்த உப்புப் பொட்டலத்தின் மேல் படுக்க வைத்துவிட்டுப் போகிறோம். காலையில் முகடு 1461-இல் நின்றால் கருவி சரி. தள்ளி நின்றால் அன்றைக்கு அதை நம்பக் கூடாது.

அடுத்து வந்தது குஜராத்தின் மோர்பியில் செய்த தரை ஓடு. நாற்பதடிக் கண்டெய்னரின் கதவைத் திறந்தவுடன் அளவு, சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் பின்னணிக் கதிரைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏறியது. ஓட்டின் மேற்பூச்சை வெண்மையாக்கச் சிர்க்கான் மணலை அரைத்துச் சேர்ப்பார்கள். சிர்க்கானோடு யுரேனியமும் தோரியமும் சிறிது ஒட்டிக்கொண்டே வரும். டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே கடற்கரையில் தோண்டுவதும் இதே குடும்பத்து மணல்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நிறமாலையில் தோரியம், ரேடியம், பொட்டாசியம் மூன்றின் முகடுகளும் கலந்து தெரிந்தன. செயற்கையானது எதுவும் இல்லை. இருபது நிமிடத்தில் ஐயம் தீர்ந்தது. கைகர் கருவி மட்டும் கையில் இருந்திருந்தால் எண் கூடியிருப்பதைப் பார்த்துக் கலங்கியிருப்போம், அல்லது இது வழக்கம்தான் என்று பழகிப்போய் எல்லாவற்றையும் விட்டிருப்போம். இரண்டாவதே அதிக ஆபத்தானது.

இந்தக் கருவி எனக்குக் கற்றுத் தந்தவற்றில் நான் முற்றிலும் எதிர்பாராதது ஒன்று உண்டு. வெறும் களத்தில் நின்றால் எங்கள் இடத்தில் நொடிக்கு ஏழு துடிப்பு அளவில் எண்ணிக்கை இருக்கும். பழைய இரும்பு நிறைந்த லாரி பக்கத்தில் வந்து நின்றால் அது ஐந்துக்கு இறங்கிவிடும். முதல் முறை கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். தரைக் கான்கிரீட்டிலிருந்தும் சுவர்களிலிருந்தும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும் இயற்கைக் கதிரை அந்த இரும்பு மறைத்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. சரக்குக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சிறு மூலம் ஒன்று, இந்த இறக்கத்தை ஈடுகட்டி மறுபடியும் ஏழுக்கு ஏற்றினால், திரையில் தெரிவது வழக்கமான ஏழாகத்தான் இருக்கும், ஒலியும் வராது. ஆகவே இரும்பு லாரியை வெறுங்களத்தோடு ஒப்பிடக் கூடாது. இன்னோர் இரும்பு லாரியோடுதான் ஒப்பிட வேண்டும். நாங்கள் ஒரு நோட்டில் ஒவ்வொரு லாரிக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், பின்கதவு என மூன்று இடங்களின் எண்ணை எழுதி வருகிறோம். ஐந்து வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தால் லாரி ஓரமாக நிறுத்தப்படும். இந்த ஒப்பீட்டைக் கருவியின் மென்பொருள் தானாகச் செய்யாதது பெரிய குறை. எச்சரிக்கை எல்லையை ஒரே எண்ணாகத்தான் அதில் வைக்க முடிகிறது.

இனி ஜனவரி மாதத்து நிகழ்ச்சிக்கு வருகிறேன். கடும் வெயில். கப்பல் பழுதுபார்க்கும் இடம் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட பித்தளைச் சாமான்கள் சாக்குச் சாக்காக வந்திருந்தன. கருவி காலையிலிருந்து வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அது எங்கள் தவறு. நான்காவது சாக்கின் அருகே கொண்டு போனதும் ஏழிலிருந்து தொண்ணூறுக்குத் தாவி அது அதிர்ந்தது. கைபேசி காட்டிய பெயர் சீசியம்-137.

எங்கள் மேற்பார்வையாளர் டர்பனிலேயே ஐந்தாம் தலைமுறையாக வாழும் தமிழர். உம்கேனி சாலைக் கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய தமிழ்தான் அவருடையது. “தம்பி, எல்லாரையும் வெளியே அனுப்பட்டுமா?” என்றார். “அனுப்புங்க அண்ணா. ஃபோர்க்லிஃப்டையும் நிறுத்தச் சொல்லுங்க, யாரும் அந்தச் சாக்கைத் தொட வேண்டாம்” என்றேன். தொலைவு இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகும் என்பதை அன்றைக்குப் பாடமாக அல்ல, பாதுகாப்பாக உணர்ந்தேன். மூன்று மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியின் மேல் கருவியை வைத்துவிட்டு நாங்கள் சுவருக்கு அப்பால் போனோம்.

பத்து நிமிடத்தில் நிறமாலை தெளிந்தது. பெரிய முகடு 636-இல் நின்றது. சீசியம்-137-இன் முகடு 662. ரேடியம் குடும்பத்தின் பெரிய முகடு 609. இரண்டுக்கும் நடுவே நின்றதை மென்பொருள் சீசியம் என்று முடிவு கட்டியிருந்தது. இந்த வகைக் கருவியில் அந்தப் பகுதியில் முகட்டின் அகலமே ஐம்பதைத் தாண்டும் என்பதால் அதை முழுவதும் பழி சொல்லவும் முடியாது. ஆனால் இடப்பக்கத்தில் 308-இலும் 368-இலும் இரண்டு முகடுகள் தெளிவாக எழுந்திருந்தன. சீசியம் தனி மரம்; இந்த ஆற்றல் எல்லைக்குள் அதற்கு 662-ஐத் தவிரக் கவனிக்கத்தக்க காமா முகடு கிடையாது. ரேடியமோ குடும்பத்தோடு வரும்: 295, 352, 609. மூன்று எண்களையும் தாளில் எழுதி வகுத்துப் பார்த்தேன். 308-ஐ 295-ஆலும், 368-ஐ 352-ஆலும், 636-ஐ 609-ஆலும் வகுத்தால் மூன்றுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே: நூற்றுக்கு நாலரை அளவு கூடுதல். வெப்பத்தை ஈடுசெய்ய வேண்டிய மென்பொருள் அளவுக்கு மீறி ஈடுசெய்து, நிறமாலை முழுவதையும் வலப்பக்கமாக இழுத்துவிட்டிருக்கிறது. கருவியை அரை மணி நேரம் அலுவலக அறையில் ஆற வைத்து மறுபடி அளந்தபோது பெரிய முகடு 610-க்கு வந்து நின்றது.

ரேடியம் என்று தெரிந்ததால் சாக்கை நாங்களே பிரித்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் மருத்துவத்திலும் தொழிலிலும் பயன்படும் கதிரியக்க மூலங்கள் 1973-ஆம் ஆண்டின் அபாயப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இயற்கைக் கதிரியக்கம் செறிந்த தாதுக்களும் அணுசக்திப் பணிகளும் 1999-ஆம் ஆண்டின் 47-ஆம் சட்டப்படி தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. உரிய அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தோம். நிபுணர் வரும்வரை சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்தோம். அவர் கையுறையும் முகமூடியும் அணிந்து பிரித்தபோது, உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய பித்தளை அளவுமானி கிடைத்தது. இருட்டில் எண்கள் ஒளிர்வதற்காக முள்ளிலும் எழுத்துகளிலும் ரேடியச் சாயம் பூசியிருந்தார்கள். சாயத்தின் ஒளிர்வு எப்போதோ செத்து, பழுப்பேறிப் பொடியாக உதிரத் தொடங்கியிருந்தது. ஒளி போனாலும் கதிர் போகவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அந்தப் பொடி மூச்சிலோ வாயிலோ போவதுதான் உண்மையான கேடு. கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது எங்கள் பையன்கள் செய்த புண்ணியம்.

கருவி ஒலித்தது, அதற்கு என் நன்றி. ஆனால் அது சொன்ன பெயர் தவறு. தானியங்கிப் பெயரை மட்டும் நம்பி, நிறமாலையைப் படிக்கக் கற்காதவர் இதை வாங்கினால் பாதி விலை வீண். தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தால், அதாவது உண்மையான சீசியத்தைப் பழைய ரேடியம் என்று அது காட்டியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். துணை முகடுகளைத் தேடும் பழக்கம் இருந்தால் அதையும் பிடித்துவிடலாம். 295-உம் 352-உம் இல்லாத ரேடியம் ரேடியமாக இருக்க முடியாது.

இதனால் முடியாதவையும் உண்டு. கண்டெய்னரின் தகடு இரண்டு மில்லிமீட்டர் அளவே. அது பெரிய தடையல்ல. ஆனால் சீசியத்தின் கதிரை ஆறேழு மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஈயத்துக்குள் வைத்தால் இருநூறில் ஒரு பங்குகூட வெளியே வராது. வேண்டுமென்றே மறைப்பவனைப் பிடிக்க இந்தக் கருவி போதாது. அதற்கு, பெட்டிக்குள் காரணமில்லாமல் அடர்த்தியான கட்டி ஒன்று இருப்பதைக் காட்டும் எக்ஸ்ரேப் படம் வேண்டும். அணு ஆயுதத்துக்கு உரிய யுரேனியத்தின் முக்கியக் கதிர் 186-இல் வரும் பலவீனமான ஒன்று. சிறிது ஈயமே அதை விழுங்கிவிடும். புளூட்டோனியத்தை அதிலிருந்து வெளிப்படும் நியூட்ரான் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்தக் கருவிக்கு நியூட்ரான் தெரியாது. வாயிற் தூண்களில் அதற்கென்று ஹீலியம்-3 போன்றவை நிரப்பிய தனிக் குழாய்கள் இருக்கும். ஆகவே அணுப் பொருள் கடத்தலைத் தடுக்க இதை வாங்குகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சர்வதேச அணுசக்தி முகமையின் பதிவேட்டில் 1993-இலிருந்து சேர்ந்திருக்கும் 4,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் ஆயுதப் பொருள் தொடர்பானவை மிகச் சில. தொலைந்தவை, திருடப்பட்டவை, குப்பையில் எறியப்பட்டவை ஏராளம். எங்களைப் போன்ற களங்களுக்கு வந்து சேர்வது அந்த ஏராளம்தான்.

படிகம் சிறியது என்பதால் பொறுமை வேண்டும். நடந்துகொண்டே கண்டெய்னரைச் சுற்றினால் வலுவான மூலம் மட்டுமே அகப்படும். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். பெயர் அறியப் பத்து நிமிடம். நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்றை ஒழுங்காகப் பார்க்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. பேஹெட் சாலையில் லாரிகள் வரிசையில் நிற்கும் நாள்களில் அந்தக் கால் மணி நேரம் ஓட்டுநர்களுக்குக் கசக்கிறது. ஆனாலும் இதுவரை எந்த லாரியையும் பார்க்காமல் விட்டதில்லை.

திரை வெயிலில் தெரிவதில்லை. அதிர்வு எச்சரிக்கை நன்றாக இருக்கிறது. எடைமேடை இரைச்சலிலும் பையில் அதிர்வது தெரியும். வாரம் ஒரு முறை மின்னேற்றினால் போதும். இடுப்பில் மாட்டும் கொக்கி இரண்டாம் மாதமே ஒடிந்தது; மாற்றுக் கொக்கி கேட்டு எழுதிய கடிதத்துக்கு விற்பனையாளரிடமிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது, அதுவும் கொக்கியைத் தனியாக விற்பதில்லை என்று. அதனால்தான் அதை நூலில் கட்டிச் சுவர் ஆணியில் மாட்டியிருக்கிறோம்.

கிடங்கு, பழைய இரும்புக் களம், ஓடு அல்லது எவர்சில்வர் இறக்குமதி இவற்றில் எதை நடத்துபவராக இருந்தாலும் இந்த வகைக் கருவியை வாங்கலாம் என்றே சொல்வேன். படிகம் பெரிதாக உள்ளதற்குப் பணம் இருந்தால் அதையே எடுங்கள். வெயிலில் போடாதீர்கள். உப்புப் பொட்டலத்தை மறக்காதீர்கள். எங்கள் மேற்பார்வையாளர் இப்போது முகடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். நோட்டில் லாரி எண்ணுக்கு எதிரே மூன்று இடத்து அளவுகளையும் அவரே எழுதுகிறார். இரண்டாவது கருவிக்குப் போன வாரம் பணம் கட்டிவிட்டோம். அது வந்ததும் ஒன்று எடைமேடையிலும் மற்றொன்று பித்தளைச் சாக்குகள் இறங்கும் இடத்திலும் நிழலில் தொங்கும்.